ஒரு மயிரிழை கீழே

பிப்ரவரி 18, செவ்வாய். இன்றைய ஒலிப்பதிவில் ஒரு சிறு தவறு. அண்ணனின் பாஸ் கிட்டாருக்கு நானே தந்தியை அடித்துச் சுருதி சேர்த்தேன். அவன் கையால் அடிக்கச் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். கடைசிப் பாட்டில் சுருதி ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. வியாழக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்தபோது அண்ணன் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் தங்கை அவனுடைய அலமாரி முன்னால் மண்டியிட்டு, அவனுக்குப் போட்டு அனுப்ப ஒரு நல்ல சட்டை தேடிக்கொண்டிருந்தாள். கீழே வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். அலமாரியில் இருந்ததெல்லாம் கருப்பு. துவைத்து வெளுத்த கருப்பு, கழுத்து தொங்கிப்போன கருப்பு, இன்னும் பிரிக்காத உறைக்குள் புத்தம்புதுக் கருப்பு.

"ஒரு வெள்ளைச் சட்டைகூடவா இல்ல இவன்கிட்ட?" என்றார் வாசல் நிலையில் சாய்ந்து நின்ற மாமா. அம்மாவின் தம்பி. நேற்றிலிருந்து எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்.

"இல்ல மாமா."

மாமா ஒரு பனியனை எடுத்து விரித்துப் பார்த்தார். நெஞ்சுப் பக்கம் முழுக்க வெள்ளைக் கோடுகள் பின்னிப் பிணைந்து நாலாபக்கமும் ஓடின.

"என்னம்மா இது? வேரா, முள்ளா?"

"பேரு மாமா. ஒரு பேண்டோட பேரு."

"பேரா? இதை யாரு படிக்கிறது?"

"யாராலயும் படிக்க முடியாது. அதுதான் அவங்களுக்குப் பெருமை."

"நல்ல பெருமை." மாமா கட்டிலில் உட்காரப் போனார். அது வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் என்று நினைவு வந்ததோ என்னவோ, பாதியில் நிமிர்ந்து நின்றுகொண்டார். "கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடட்டுமாக்கா?"

அம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"இதையே போடு. வெள்ளைச் சட்டை போட்டா யாரோன்னு நினைச்சுக்குவேன்."

அவ்வளவுதான். மாமா கையிலிருந்த பனியனைத் தங்கையிடம் நீட்டினார்.

அறை சின்னது. கட்டில் வந்தபிறகு நடக்க இடமில்லை. சுவரோரம் பழைய மெத்தை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள், சத்தம் அக்கம்பக்கத்துக்குப் போகாமலிருக்க. ஜன்னலுக்குக் கீழே மேசை. மேசைமேல் அவளுடைய கணினி, இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், ஒலிப்பதிவுப் பெட்டி. பாஸ் கிட்டார் அதன் தாங்கியில் நின்றது. அண்ணன் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மிச்ச நேரமெல்லாம் மூன்று பேர் கொண்ட எக்ஸ்ட்ரீம் மெட்டல் இசைக்குழுவில் பாஸ் வாசிக்கிறவன். பதினைந்து வருஷமாக இந்த அறைக்குள் அவர்கள் செய்கிற சத்தத்துக்கு அம்மா சொன்ன ஒரே விமர்சனம், "கதவைச் சாத்து" என்பதுதான்.

தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஒலிப்பதிவு வகுப்பு. ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அன்றைய தவறை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அவளுக்குத் தவறுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் தவறாமல் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணனை இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தாள். பாஸை எடுத்து மடியில் கிடத்தியபோது அது அவனைவிட கனமாக இருப்பதுபோல் தோன்றியது.

"இன்ஜினியரம்மா, ரெடியா?"

"ஒரு நிமிஷம்ணா. வயரை இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

"மூணாவது தடவை பாக்கற. வயருக்கே வெக்கமா இருக்கும்."

சுருதி சேர்க்கும் திருகுகளைத் திருப்ப அவன் விரலில் தெம்பில்லை. அவளே திருகினாள். அவர்கள் இசையில் தந்தியை மிகவும் தளர்த்திவிடுவார்கள். அடியில், பூமிக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம் வேண்டும் என்று. அப்படித் தளர்ந்த தடித்த தந்தியை ஓங்கி அடித்தால் சுருதி ஒரு மயிரிழை மேலே ஏறும். மெல்ல அடித்தால் ஏறாது. அதனால் அண்ணன் என்றைக்கும் ஒரே விதிதான் சொல்வான்: "ஓங்கி அடிச்சு சேரு. தடவிக் குடுத்து சேத்தா மேடையில மானம் போயிடும்." அவள் விதிப்படி ஓங்கி அடித்தாள். சுருதி காட்டும் ட்யூனரில் முள் நடுவில் வந்து நின்றது. வாசிக்கப்போவது எந்தக் கை என்று அவள் யோசிக்கவில்லை.

வாசித்து முடித்ததும் பாஸை வயிற்றின்மேல் ஒரு பூனையைப்போல் கிடத்திக்கொண்டு கண்ணை மூடினான்.

"எப்படி?"

"நல்லா இருக்குண்ணா."

"பொய். நிஜமா நல்லா இருந்தா, நீ இன்னொரு தடவை கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லுவ."

குழுவின் கிட்டார்க்காரன் வியாழக்கிழமையே வந்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வந்தான். அவனை எல்லாரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கிட்டார் சத்தம் அப்படி: நடுவிலிருக்கிற சதையை எல்லாம் சீவி எறிந்துவிட்டு, மேலே பல்லும் கீழே உறுமலும் மட்டும் வைத்தது. மரமறுக்கிற மில்லுக்குள் தலையை நீட்டின மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க அவன் செலவழித்த வருஷங்களும், மாற்றிப் பார்த்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளும் கொஞ்சமல்ல. பகலில் அவன் பல்செட்டு செய்கிறவன். பேச்சு குறைவு, பேசினால் காரியம் இருக்கும்.

மாடிப்படித் திருப்பத்தில் அவளை நிறுத்தினான். வருகிறவர்களும் போகிறவர்களும் இருவரையும் உரசிக்கொண்டு போனார்கள்.

"அந்தக் கடைசிப் பாட்டு, நீ அனுப்பினது. கேட்டேன்."

"தெரியும் ரம்பம் அண்ணா. என் தப்பு. சுருதி நான்தான் சேத்தேன்."

"யாரு தப்புன்னு கேக்கல. ஞாயித்துக்கிழமை மிக்ஸிங்குக்குக் குடுக்கணும். அதை விட்டா மிக்ஸ் பண்ற ஆளு கிடைக்க மாட்டாரு."

"குடுங்க."

"இப்படியேவா? பாஸ் ஒரு பக்கம் இழுக்குது, கிட்டார் ஒரு பக்கம் இழுக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவன் பாஸ்லயே நான் வாசிச்சுடறேன். ஒரு மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுன்னா எதுக்கு வாசிக்கணும்?"

ரம்பத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவினான்.

"இல்லன்னா மிக்ஸிங்ல அவனைக் கீழ இறக்கிடலாம். முன்னாடி எல்லாம் பண்ணின மாதிரி. கிட்டார் மேல வந்து மூடிக்கும். சுருதி எப்படி இருந்தாலும் வெளிய தெரியாது."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. குழு இதுவரை போட்ட மூன்று பதிவுகளிலும் அண்ணனின் பாஸ் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். "நான் வாசிச்சதுக்கு ஒரே சாட்சி அட்டையில போட்ட போட்டோதான்." இந்தத் தடவை அப்படி இருக்காது என்று ரம்பம் வாக்குக் கொடுத்திருந்தான்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இந்தத் தடவை உன் சத்தம் கேக்கும்டா, நான் பொறுப்புன்னு சொன்னீங்க."

"சொன்னேன்னுதானே சொல்றேன்!"

குரல் உயர்ந்துவிட்டது. மேலேயிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன? நாற்காலி பத்தலையா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"பத்தலைன்னா சொல்லு. கீழ் வீட்டுல கேட்டு வாங்கறேன்."

அதற்குமேல் அங்கே பேச முடியவில்லை. அண்ணனைக் கீழே இறக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் ரம்பம்தான் கால்மாட்டைப் பிடித்திருந்தான். சுவரில் இடிக்காமல் மெல்ல, ஒவ்வொரு படியாக.

தகனக்கூடத்தில் காத்திருக்க ஒரு நீளமான அறை இருந்தது. எதிரெதிராக இரண்டு வரிசை நாற்காலிகள். டிரம்ஸ் வாசிக்கிற பையன், ஆள் மலைபோல் இருப்பான், வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். மாமா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக் கொடுத்துத் தன் கைதான் வலிக்கிறது என்று கையை மாற்றிக்கொண்டார். அம்மா மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

சுவருக்கு அப்பால் உலையின் காற்றாடி ஓடும் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏறாமல் இறங்காமல், அடியில், ஒரே சீராக. தங்கையின் மனம் தன்னையறியாமல் அது என்ன சுருதி என்று பார்க்கத் தொடங்கிவிட்டது. சீ என்றிருந்தது. தலையை நிமிர்த்தினாள். எதிர் வரிசையில் ரம்பமும் தலையைச் சாய்த்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். கண்கள் முட்டிக்கொண்டன. இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவரவர் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். தங்கை குளித்துவிட்டு வந்து நேராக அறைக்குள் போனாள். தூங்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் படுத்தால் தூக்கம் வராது என்பதும் தெரிந்தது. கணினியைத் திறந்தாள்.

பாஸை மட்டும் தனியாக ஓடவிட்டாள். தனியாகக் கேட்டால் அது அழகான சத்தமல்ல. தந்தி கட்டையில் மோதுகிற கிடுகிடுப்பு, விரல் இழுபடுகிற கீறல், அப்புறம் ஒரு முனகல். அவள் வேறொன்றைத் தேடினாள். ஒரு இருமல், ஒரு மூச்சு, கட்டில் கிரீச்சிடுவது, ஏதாவது. ஒன்றும் இல்லை. வயரை நேராகப் பெட்டியில் சொருகிப் பதிவு செய்தது. தந்தியை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மைக் வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

சுருதியைக் கணினியிலேயே ஒரு மயிரிழை ஏற்றிப் பார்த்தாள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. தவிர, ஆரம்பம் சரியாகத்தான் இருந்தது. ஏற்றினால் அது கெட்டது. பின்பகுதியை மட்டும் ஏற்றினால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்தது. எடுத்ததை எடுத்த மாதிரியே வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரம்பம் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கதவருகே நின்றான். அவனுடைய கிட்டார் இந்த அறையில்தான் இருந்தது, பதிவு முடிந்ததிலிருந்து மெத்தையின்மேல் சாய்ந்தபடி.

"முழுசா போடு," என்றான்.

போட்டாள். இடப்பக்கம் ஒரு கிட்டார், வலப்பக்கம் அதையே மறுபடி வாசித்த இன்னொரு கிட்டார், நடுவில் டிரம்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் பாஸ். சின்ன ஸ்பீக்கரிலும் அறை அதிர்ந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த மருந்துப் பை நடுங்கியது.

அம்மா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். அவள் போகவில்லை. பாட்டு முடிகிறவரை நின்றாள்.

"இதுல இவன் எங்க?"

தங்கை ரம்பத்தைப் பார்த்தாள். ரம்பம்தான் குனிந்து, மறுபடி ஓடவிட்டு, பாதியில் பாஸை மட்டும் நிறுத்தினான்.

சட்டென்று எல்லாம் சுருங்கிப்போனது. அத்தனை பெரிய கிட்டார்கள் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆகிவிட்டன. டப்பாவுக்குள் இரண்டு குளவி பறந்தன. பல் இருந்தது, உறுமல் இல்லை. மறுபடி பாஸைச் சேர்த்தான். அறை நிறைந்தது.

"அது கிட்டார் இல்லையா?" என்றாள் அம்மா. "இத்தனை வருஷமா அதைக் கிட்டார்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்கம்மா." ரம்பம் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நான்கூட."

"ஓ," என்றாள் அம்மா. கொஞ்சம் நின்று, "டீ ஆறுது. குடிங்க," என்று போனாள். கதவைச் சாத்தவில்லை.

இருவரும் டீயைத் தொடவில்லை. ரம்பம் கட்டில் ஓரமாக ஒதுங்கிப் போய்க் கிட்டாரை எடுத்தான். நின்றுகொண்டே வயரைச் சொருகினான்.

"இது அன்னிக்கு சேத்த சுருதிதான். மாத்தல. ட்யூனரைப் போடு."

திரையில் முள் வந்தது. ஓங்கி அடித்தான். முள் நடுவில் நின்றது. இன்னொரு தடவை, இந்தத் தடவை மெல்ல, தூங்குகிறவரை எழுப்பாமல் தொடுகிற மாதிரி. முள் நடுவுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"பாத்தியா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"அவனும் இங்கதான் நிக்கறான். நீ சேத்தது சரி. ரெண்டும் ஒரே சுருதிதான். கைதான் வேற." பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு விரலால் திரையில் காட்டினான். "இந்த இடம் வரைக்கும் அடிக்கறான் பாரு. எப்பவும் அடிக்கிற மாதிரியே. ரெண்டாவது திருப்பம் வருதில்ல, அங்கேருந்து கை விட ஆரம்பிக்குது."

"விடுதுன்னு சொல்லாதீங்க."

"சரி. மெல்ல அடிக்கறான்." விரலைத் திரையில் நகர்த்தினான். "ஆனா தாளம் தப்பல. ஒரு அடிகூட முந்தல, பிந்தல. நான்தான் கேக்காம ஓங்கி அடிச்சுட்டே போயிருக்கேன். கிட்டாரை ரெண்டு வாரம் முன்னாடியே வாசிச்சு முடிச்சாச்சு. அவன் இப்படி வருவான்னு எனக்கு என்ன தெரியும்?"

"இப்ப என்ன பண்றது?"

"நான் திருப்பி வாசிக்கறேன். கிட்டாரை. அவன் எங்க மெல்ல அடிக்கறானோ அங்க நானும்."

அவள் வகுப்பில் படித்ததெல்லாம் மனதில் ஓடியது. "மெல்ல அடிச்சா உங்க சத்தம் வராதே அண்ணா. அந்தப் பல்லே இருக்காது. மழுங்கிப் போயிடும்."

"போகட்டும். பதினஞ்சு வருஷமா எல்லாரையும் அறுத்தாச்சு."

சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

அங்கேயே ஒரு தடவை முயன்று பார்த்தான். முன்பகுதி வந்தது. இரண்டாவது திருப்பத்தில் கையைத் தளர்த்தினான். பழக்கதோஷம், இரண்டு அடிக்குள் மணிக்கட்டு மறுபடி இறுகி ஓங்கிவிட்டது. நிறுத்தினான். திரும்ப அந்த இடத்திலிருந்து. மறுபடி ஓங்கியது. மூன்றாவது தடவை தந்தியைத் தொடவே இல்லை. பாஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டான்.

"இது லேசான வேலை இல்ல," என்றான் அப்புறம். "எப்படிடா பண்ணினான்?"

அது அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"காலையில வர்றேன். ஆனா ஆம்ப் பெட்டியை எங்க வைக்கிறது? இங்க கால் வைக்கவே இடமில்லையே."

"கட்டிலை எடுத்துட்டுப் போக நாளைக்கு ஆள் வருது."

"சரி."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினான். கூடத்தில் அம்மாவிடம் ஏதோ சொன்னான். அம்மா, "சாப்பிட்டுட்டு போப்பா," என்றது கேட்டது. வேண்டாமென்றான் போலிருக்கிறது. பிறகு நாற்காலி இழுபடும் ஓசையும், தட்டு வைக்கிற ஓசையும் கேட்டன. அம்மாவிடம் வேண்டாமென்று சொல்லிப் பிழைத்தவர்கள் இல்லை.

தங்கை மூன்று வயர்களையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சரியாக இருந்தன. மறுபடி ஒரு தடவை சோதித்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 21, வெள்ளி. நாளை காலை கட்டில் போனதும் அந்த இடத்தைப் பெருக்கி ஆம்பை வைக்க வேண்டும். முன்பு வைத்த அதே உயரத்தில் மைக். முதலில் இடப்பக்கக் கிட்டார், பிறகு வலப்பக்கம். ரம்பம் அண்ணனுக்கு ஹெட்ஃபோனில் டிரம்ஸைக் குறைத்து பாஸை நன்றாகக் கேட்கும்படி வைக்க வேண்டும். பாஸைத் தொட வேண்டாம்.